சோணையம்மாளுக்கு வழிக்காவல் போனவள்

மதுரையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் எடுத்த எடுப்பில் அட்வான்ஸைப் பற்றிப் பேசமாட்டார். "எந்தூரு?" என்றுதான் தொடங்குவார். ஊரைச் சொன்னால், "அங்கன எந்தப் பக்கம்?" என்பார். அதையும் சொல்லிவிட்டால் குரலைத் தாழ்த்தி, முகத்தில் கொஞ்சம் பக்தியை வரவழைத்துக்கொண்டு, "கும்புடுற சாமி எது?" என்பார். சாதியை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அந்த மட்டுக்கு நாம் நாகரிகம் அடைந்துவிட்டோம்.

பாண்டிமீனா சாமி பேரைச் சொல்லித்தான் மூன்று வீடுகளை இழந்தாள். காக்கிச் சட்டை, அரசாங்கச் சம்பளம், நகரப் பேருந்தில் நடத்துநராக இருக்கும் கணவன் அசோக்குமார், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. காலனிச் சாமியின் பேர் வாயிலிருந்து வந்ததும், "சொந்தக்காரவுக வாராக, அவுகளுக்கு விடணும்" என்றார்கள். மூன்று வீட்டுக்கும் அந்தச் சொந்தக்காரர்கள் சொல்லிவைத்தாற்போல வந்துகொண்டிருந்தார்கள். நாலாவது வீட்டில் அவள் ஒரு கணம் யோசித்து, "அழகர்கோவில் பதினெட்டாம்படிக் கருப்பு" என்றாள். "அட, நம்ம சாமி!" என்று வீட்டுக்காரர் சாவியை எடுத்து நீட்டினார்.

அது பொய் என்று சொல்ல முடியாது. அவளுடைய அப்பா சின்னான் உசிலம்பட்டிக்கு மேற்கே கரிசப்பட்டிக் காலனியில் பிறந்தவர். இளமையில் ஊர்த்தெருக்காரர்களின் புஞ்சையில் கூலிவேலை. பிறகு பரவை மார்க்கெட்டில் மூட்டை தூக்கி மகளைப் படிக்கவைத்தார். ஆடி பிறந்தால் அழகர்கோவிலுக்குப் போய்க் கருப்பு வாசலில் ஒரு மாலை சாத்தாமல் இருக்கமாட்டார். அந்த வாசலில் யார் வேண்டுமானாலும் கும்பிடலாம். சத்தியம் செய்யும் சந்நிதி அது, பொய் சொன்னவனைக் கருப்பு சும்மா விடாது என்பார்கள். பாண்டிமீனா பொய் சொல்லவில்லை, உண்மையில் ஒரு பாதியைச் சொன்னாள். அதில் அவளுக்குக் குற்ற உணர்வு ஒன்றும் இல்லை. குடியிருக்க ஒரு கூரை வேண்டாமா?

பிறகு போலீஸ் குடியிருப்பில் வீடு கிடைத்தது. ஆயுதப்படையில் தலைமைக் காவலராகவும் ஆனாள். ஆனால் அந்தப் பதில் நாக்கிலேயே தங்கிவிட்டது. காரணம் அவளுக்குக் கிடைத்த வேலை. சிறையிலிருந்து சில நாள் விடுப்பில் வீட்டுக்குப் போகும் பெண் கைதிகளுக்கு வழிக்காவல் போவது, அவர்கள் வீட்டிலேயே தங்கிக் கண்காணிப்பது, திரும்பக் கொண்டுவந்து சிறையில் ஒப்படைப்பது. ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் ஊரில் முன்பின் தெரியாத வீடு. எல்லா வீட்டிலும் அந்த மூன்று கேள்விகள். பாண்டிமீனாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பதை ஆயுதப்படை மைதானமே அறியும். பஸ்ஸில் இடித்தவனைக் காலரைப் பிடித்து இறக்கியவள் அவள். இந்தக் கேள்விக்கு மட்டும் அந்தக் கோபம் எங்கே போகுமோ தெரியாது. பதவிசாகக் கருப்பின் பேரைச் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வாள்.

சோணையம்மாளுக்கு வழிக்காவல் என்று உத்தரவு வந்த அன்று பாண்டிமீனாவுக்கு முகம் கடுகடுத்துப்போனது. அந்த வழக்கு அவளுக்குத் தெரியும். அவளுடைய காலனியில் அது தெரியாதவர்கள் இல்லை.

நெடுங்கரை என்ற ஊர். கண்மாய்க்கு ஒரு புறம் ஊர்த்தெரு, மறுபுறம் காலனி. ஊர்த்தெரு முத்திருளன், சோணையம்மாள் தம்பதியின் மகள் தமிழ்ச்செல்வி, காலனிப் பையன் சித்தார்த்தைக் கல்லூரியில் விரும்பிப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். இருவரும் மதுரையில் குடியிருந்தார்கள். கல்யாணமாகி வந்த முதல் ஆடியில் மகளையும் மருமகனையும் தாய்வீட்டார் அழைத்து விருந்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். சோணையம்மாள் போன் செய்தாள். "அப்பாவுக்குக் கோவம் ஆறிருச்சு. தலை ஆடிக்கு மாப்பிள்ளையக் கூட்டிக்கிட்டு வந்து ஒரு வாய் சாப்புட்டுப் போத்தா." அம்மாவின் குரல் அல்லவா, மகள் நம்பினாள். வந்தார்கள். சோணையம்மாள் நாட்டுக்கோழி அடித்துத் தன் கையால் பரிமாறினாள். சாப்பிட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தவர்களைக் கண்மாய்க் கரையில் முத்திருளனும் பங்காளிகள் இரண்டு பேரும் மறித்தார்கள். சித்தார்த் அங்கேயே செத்தான். கூப்பிட்டவளுக்கு எல்லாம் தெரியும் என்று நீதிமன்றம் சொன்னது, அவளுக்கும் ஆயுள் தண்டனை. முத்திருளன் சிறையிலேயே இறந்துபோனார். தமிழ்ச்செல்வி திருப்பூர்ப் பக்கம் போய்விட்டாள், தாய் என்று ஒருத்தி இருப்பதாகவே அவள் காட்டிக்கொள்வதில்லை.

சோணையம்மாள் கேட்ட விடுப்புகள் முன்பெல்லாம் மறுக்கப்பட்டன. ஊரில் கலவரம் வரும் என்று போலீஸ் எழுதும், சித்தார்த்தின் அம்மா பாண்டியம்மாள் ஆட்சேபிப்பார். இந்த முறை மகன் ஜெயபாண்டியின் பிள்ளைக்குக் காதுகுத்து. மூன்று நாள் விடுப்பு கிடைத்தது. காலனிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, வழிக்காவலை விட்டு விலகக் கூடாது என்று நிபந்தனை.

வேனில் சோணையம்மாள் எதிரே உட்கார்ந்து வந்தாள். ஒடிசலான உடம்பு, எண்ணெய் காணாத நரைத்த தலை. பார்த்தால் ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஆயிரம் பேரில் ஒருத்தி. இவளா, என்று பாண்டிமீனாவுக்கே தோன்றியது. உடனே அப்படித் தோன்றியதற்காகத் தன்மேல் கோபமும் வந்தது.

நெடுங்கரை விலக்கில் திரும்பியதும் ஃபிளெக்ஸ் போர்டு கண்ணில் பட்டது. காதுகுத்துப் பிள்ளையின் படம் ஓரத்தில் சின்னதாக இருந்தது. நடுவில் சோணையம்மாளின் பழைய படம், இருபுறமும் இரண்டு சிங்கம். கீழே, 'மானம் காத்த வீரத்தாயே வருக!'

பாண்டிமீனா வேனை நிறுத்தி இறங்கினாள். "யார்டா இத வச்சது? கழட்டுங்க. கழட்டலைன்னா வண்டிய இப்பிடியே ஜெயிலுக்குத் திருப்பிருவேன்."

ஜெயபாண்டி முறைத்தான். கூட்டம் கூடியது. அப்போதுதான் சோணையம்மாளின் அக்கா ராமக்காள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஏத்தா, கோவிச்சுக்காத. நீ எந்தூரு?"

"உசிலம்பட்டிக்கு மேக்க, கரிசப்பட்டி."

"பேரு?"

"பாண்டிமீனா."

"கும்புடுற சாமி?"

"பதினெட்டாம்படிக் கருப்பு."

கரிசப்பட்டி ஊர்த்தெருவில் ராமக்காளுக்கு ஏகப்பட்ட உறவு. பாண்டி என்ற பேர் எங்கள் பக்கம் இரண்டு தெருவுக்கும் பொது. இந்த மிடுக்கும் குரலும் காலனிப் பெண்ணுக்கு வராது என்று ராமக்காள் தீர்மானித்திருக்க வேண்டும். காலனிப் பெண் ஒருத்தி ஜெயபாண்டியைப் பார்த்து 'டா' போடுவாள் என்று அவளால் கனவிலும் நினைக்க முடியாதே. "அட, நம்ம பிள்ளை! அதான பாத்தேன். டேய், நம்ம பிள்ளை சொல்லுதுல்ல, கழட்டுங்கடா!" என்றாள். போர்டு இறங்கியது. ஏட்டம்மாவாக வந்தவள் அந்த நொடியிலிருந்து ஆத்தாவும் மகளும் ஆகிவிட்டாள்.

மறுநாள் காதுகுத்து. கிடா வெட்டி, பந்தல் போட்டு, ஊரே திரண்டிருந்தது. முதல் பந்தியிலேயே பாண்டிமீனாவை உட்காரவைத்தார்கள். வேண்டாம் என்று எழுந்தால், ஏன் என்று ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வியின் வால் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்தாள். சோணையம்மாளே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்து, தேடிப்பிடித்து ஈரல் துண்டுகளை அவள் இலையில் வைத்தாள். "காரமா இருக்காத்தா?" என்று மெல்லக் கேட்டாள்.

பந்தலில் முத்திருளனின் தம்பி விருமாண்டி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். "எங்க மதினி பொம்பளையில்ல, ஆம்பள! பெத்த மகள்னும் பாக்காம குலத்துக்காக உள்ள போயிருக்கு. மதினி, நீயே சொல்லு. அன்னைக்குச் செஞ்சதுக்கு வருத்தப்படுறியா?"

பந்தி முழுவதும் திரும்பிப் பார்த்தது. கரண்டியோடு நின்ற சோணையம்மாள் தலையை நிமிர்த்தினாள். "என்னத்துக்கு வருத்தம்? இன்னொருக்க அந்த நெலம வந்தாலும் அதையேதான் செய்வேன்."

யாரோ விசில் அடித்தார்கள். எழுந்து அந்த வாளியைப் பிடுங்கி வீசலாமா என்று பாண்டிமீனாவுக்கு இருந்தது. வீசவில்லை. இலையை வழித்துச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தாள். அந்தச் சோற்றைப் பின்னாளில் அவள் எத்தனையோ முறை மனதுக்குள் வாந்தி எடுத்திருக்கிறாள்.

இன்னொன்றும் அவள் கண்ணில் பட்டது, அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் சாப்பிட்ட பிறகு சோணையம்மாள் ஒரு மூலையில் உட்கார்ந்து மோர்ச்சோறு மட்டும் தின்றாள். கறியைத் தொடவில்லை. "செயிலு நாக்குக்கு ஒறைக்குது போல" என்று ராமக்காள் சொன்னாள்.

மூன்றாம் நாள் பகலில், கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், பாண்டிமீனா கொல்லைப்புறத் தொட்டியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். சோணையம்மாள் வந்து தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். மாட்டைத் தவிர யாரும் இல்லை.

"ஏட்டம்மா, ஒங்கிட்ட ஒன்னு கேக்கணும்."

"சொல்லுங்க."

சோணையம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம், "அக்கா சொன்னுச்சு. நீ நம்ம ஆளுதானா? நெசமாவே?" என்றாள்.

கண்டுபிடித்துவிட்டாள் என்றே பாண்டிமீனா நினைத்தாள். வாசலில் விருமாண்டி, ஜெயபாண்டி, அவர்களுடைய பங்காளிகள். தான் ஒருத்தி, கூட இன்னொரு காவலர். அந்த வீட்டு இலையில் மூன்று நாள் சாப்பிட்டாகிவிட்டது. இதுவரை அவள் கருப்பின் பேரைச் சொன்னதோடு நிறுத்தியிருந்தாள், மீதியைக் கேட்டவர்களே இட்டு நிரப்பிக்கொண்டார்கள். இப்போது நேருக்கு நேரான கேள்வி.

"ஆமா" என்றாள்.

சோணையம்மாளின் கை தொட்டி விளிம்பிலிருந்து நழுவியது. "சரித்தா. ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சில மாதங்களில் சோணையம்மாளின் முன்விடுதலை பரிசீலனைக்கு வந்தது. ஆயுள் கைதியை வெளியே விடலாமா என்று பல பேரிடம் கேட்பார்கள். நன்னடத்தை அலுவலர் தமிழ்வாணி ஊர் ஊராகப் போய் விசாரித்துவிட்டு, ஆயுதப்படைக்கும் வந்தார். மரத்தடியில் இருவரும் நின்று பேசினார்கள்.

"மூணு நாள் கூட இருந்திருக்கீங்க. என்கிட்ட அந்தம்மா தலையக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருக்கு, கேட்டதுக்குப் பதிலே இல்ல. செஞ்சதுக்கு வருத்தப்படுதா இல்லையான்னு பிடிபடல. நீங்க என்ன பாத்தீங்க?"

பாண்டிமீனா பந்தலில் கேட்டதை வரி பிசகாமல் சொன்னாள். ஃபிளெக்ஸைச் சொன்னாள், விசிலைச் சொன்னாள். தமிழ்வாணி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "சித்தார்த்தோட அம்மாவையும் பாத்தேன். இத்தன வருசமா ஆட்சேபணை சொன்னவங்க, இந்தத் தடவ வேற மாதிரி பேசுனாங்க. அவ என் வாசல்ல வந்து, நான்தான் கூப்புட்டேன், தப்புத்தான்னு ஒரு வார்த்த சொல்லட்டும், அப்புறம் விட்டாலும் சரி, வச்சிருந்தாலும் சரின்னாங்க. அந்த ஒரு வார்த்தைக்கு அங்க ஆள் இல்லபோல."

"இல்ல மேடம்" என்றாள் பாண்டிமீனா, உறுதியாக.

முன்விடுதலை மறுக்கப்பட்டது. செய்தி தெரிந்த அன்று பாண்டிமீனா அசோக்குமாரிடம், "அந்த ஈரலுக்கு இன்னைக்குத்தான் பதில் சொல்லிருக்கேன்" என்று சிரித்தாள். அவள் சிரித்ததில் எனக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காதால் கேட்டதைத்தான் சொன்னாள். அவள் இடத்தில் யார் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அடுத்த பங்குனியில் சோணையம்மாளுக்கு வயிற்றில் கட்டி என்று பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கைதிகள் வார்டில் காவலுக்குப் போன பாண்டிமீனா, கட்டிலில் பாதியாகக் கிடந்தவளை முதலில் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவளோ கண்டுகொண்டாள். "நம்ம பிள்ளையா? வாத்தா" என்றாள்.

ஜெயபாண்டி தூக்குவாளியில் ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். பாண்டிமீனா ஊற்றிக் கொடுத்தபோது சோணையம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"குடிங்க, தெம்பு வரும். காதுகுத்துலயும் பாத்தேன், கறியத் தொடல. ஜெயில்ல போடுவாங்கல்ல?"

"போடுவாக. நான் தொடுறதில்ல."

"ஏன்?"

"அந்தப் பையனுக்குக் கோழி ஆக்கிப் போட்டேன்ல. 'போதும் அத்தை'ன்னு எலையில கைய மறிச்சான். இன்னுங் கொஞ்சம் சாப்புடுங்கன்னு வச்சேன். வெளிய ஆளு நிக்கிறது தெரிஞ்சுக்கிட்டே வச்சேன். அதுக்கப்புறம் கறி வாயில எறங்கல."

பாண்டிமீனா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "அப்பறம் எதுக்குப் பந்தல்ல அம்புட்டுப் பேரு முன்னால அப்பிடிச் சொன்னீங்க? அதையேதான் செய்வேன்னு?"

"நம்ம ஆளுக நடுவுல நின்னுக்கிட்டு வேற என்னத்தச் சொல்ல?" சோணையம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "தப்புன்னு சொன்னா, பிறகு அந்த மனுசன் செயில்ல செத்தது எதுக்கு, எம் மகன் தெருவுல தலை நிமிந்து நடக்குறது எதுக்கு? கொன்னே போடுவானுக. அன்னைக்குத் தொட்டிக்கிட்ட வந்தேன்ல, ஞாபகம் இருக்கா? நீ ஃபிளெக்ஸக் கழட்டச் சொல்லிக் கத்துனப்பவே எனக்கு ஒரு சந்தேகம். நம்ம ஆளுக அதக் கழட்டச் சொல்ல மாட்டாக. இது வேற தெருப் பிள்ளையா இருக்கும், அப்பிடி இருந்தா கால்ல விழுந்தாவது அந்தப் பாண்டியம்மா வாசலுக்கு ஒரு எட்டுக் கூட்டிப்போகச் சொல்லுவோம்னு வந்தேன். நீ ஆமா, நம்ம ஆளுதான்னுட்ட. நம்ம ஆளுகிட்ட எப்பிடிக் கேக்க? போயி ஜெயபாண்டிகிட்டச் சொல்லிட்டா?"

பாண்டிமீனா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே ஆம்புலன்ஸ்கள் வந்துபோய்க்கொண்டிருந்தன. வெளியே வருவதற்காக வேஷம் போடுகிறாளோ என்று ஒரு நினைப்பு வந்தது. ஆனால் அவள் விடுதலை கேட்கவில்லை. கேட்டு அனுபவிக்க அவளிடம் உடம்பும் இல்லை.

"நான் காலனிப் பிள்ளைதான்" என்றாள் பாண்டிமீனா, திரும்பாமல். "கரிசப்பட்டிக் காலனி. சின்னான் மக."

திரும்பிப் பார்த்தபோது கிழவியின் கண்ணிலிருந்து காதுப்பக்கம் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அப்ப ஏன்டி ஆமான்னு சொன்ன?"

"நீங்க ஏன் கேட்டீங்க?" என்று பாண்டிமீனா கத்திவிட்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பினார்கள். "அதக் கேக்காம வந்த விசயத்தச் சொல்லிருந்தா என்ன? போலீஸ்காரிதான நானு? அது போதாதா உங்களுக்கு?"

சோணையம்மாள், "அந்தப் பாண்டியம்மாவ இங்க கூட்டியார முடியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

மன்னிப்பதோ மறுப்பதோ தன் வேலை அல்ல என்பதில் பாண்டிமீனாவுக்குக் குழப்பம் இல்லை. ஆனால் ஒரு தாய் ஒரு வார்த்தையை வாசலில் உட்கார்ந்து எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள், அந்த வார்த்தை இங்கே ஒரு கட்டிலில் கிடக்கிறது, இடையில் தன்னுடைய ஓர் 'ஆமா' விழுந்து கிடக்கிறது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தமிழ்வாணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். "நீங்க பொய் சொல்லலையே, பாண்டிமீனா. அவங்க சொன்னதத்தான சொன்னீங்க" என்றார் அவர். "விடுதலைக்கு இனி அடுத்த பரிசீலனைதான். பாண்டியம்மாள ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவர நான் அனுமதி கேக்கிறேன். அவங்க வரணுமே. நீங்க போய்ப் பேசிப் பாருங்க."

அனுமதி கிடைத்தது. ஆனால் பாண்டிமீனா போக முடியவில்லை. சித்திரைத் திருவிழா வந்துவிட்டது. மதுரையில் மீனாட்சி கல்யாணம் தொடங்கி அழகர் ஆற்றில் இறங்கித் திரும்ப மலையேறும் வரை போலீஸ்காரர்களுக்கு விடுப்பு என்ற சொல்லே கிடையாது. லட்சம் பேர் நடுவில் வைகைக் கரையில் கயிறு பிடித்து நின்றாள். அழகர் பச்சைப் பட்டு உடுத்தித் தங்கக் குதிரையில் இறங்கினார். சனம் கோவிந்தா என்றது. மேட்டில் சல்லடம் என்ற அரைக்கால் உடை கட்டி, அரிவாள் ஏந்தி, கருப்புச் சாமி வந்தவர்கள் ஆடினார்கள். பாண்டிமீனாவுக்கு அவர்களைப் பார்க்கவே கூசியது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அழகர் மலைக்குத் திரும்பிய நாளில் சோணையம்மாள் இறந்துபோனாள்.

இரண்டு நாள் கழித்துத்தான் பாண்டிமீனாவுக்கு ஓய்வு கிடைத்தது. இனிப் போய் என்ன ஆகப்போகிறது, கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று அசோக்குமார் கேட்டான். போகாமல் இருக்க முடியவில்லை அவளுக்கு. சேலை கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டுச் சுவரில் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டியிருந்தார்கள். அதே பழைய படம், அதே சிங்கங்கள், அதே வீரத்தாய். செத்த பிறகும் அவளை அவர்கள் விடவில்லை. இந்த முறை கழட்டச் சொல்ல ஆளும் இல்லை.

நெடுங்கரைக் காலனியில் மூன்றாவது வீடு. பாண்டியம்மாள் வாசலில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். உள்ளே சித்தார்த்தின் படம், பிளாஸ்டிக் மாலை.

"யாருத்தா? எந்தூரு?"

"கரிசப்பட்டி. காலனி. சின்னான் மக பாண்டிமீனா. போலீஸ்ல இருக்கேன்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். எத்தனையோ வருடங்களில் இந்தக் கேள்விக்கு அவள் முழுப் பதில் சொன்னது அன்றுதான். பாண்டியம்மாள் புளியை ஒதுக்கி இடம் விட்டார். "உக்காருத்தா."

பாண்டிமீனா எதையும் மறைக்கவில்லை. காதுகுத்து, ஈரல், பந்தலில் கேட்டது, தொட்டியடியில் தான் சொன்ன ஆமா, ஆஸ்பத்திரி, திருவிழா, எல்லாவற்றையும் சொன்னாள். "ஒங்க வாசலுக்கு வரணும்னு இருந்துச்சுத்தா அந்தம்மா. தப்புத்தான்னு சொல்லணும்னு இருந்துச்சு. நான் குறுக்க விழுந்துட்டேன்" என்று சொல்லி அழுதாள்.

பாண்டியம்மாள் கண்மாய்ப் பக்கம் பார்த்தார். "அவ சொல்லணும்னு கேட்டேன். நீ சொன்னா அவ சொன்னதாகுமா?"

"ஆகாதுத்தா."

"ஆகாதுல்ல." புளியை மறுபடி கையில் எடுத்தார். "நீ எதுக்கு அழுகுற? வீட்டுக்கு வீடு கேட்டா நீயும் என்னதான் சொல்லுவ? எம் மகனும் மதுரையில வீடு பிடிக்கையில இப்பிடித்தான் ஏதோ சொன்னானாம், மருமக சொல்லுச்சு. சோணையம்மா மூணு நாளு இங்கனதான இருந்தா. இந்தா, கண்மாய்க்கு அந்தப் பக்கம். வரணும்னா நெபந்தனையாவது ஒன்னாவது. ஒன்னையக் கேட்டுக்கிட்டா வரணும்?"

அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அந்த நியாயம் பாண்டிமீனாவின் மனதை ஆற்றவில்லை. இன்றுவரை ஆற்றவில்லை. வழிக்காவல் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இப்போது அலுவலக வேலை பார்க்கிறாள். புதிதாக வருகிறவர்கள் எந்தூர் என்று கேட்டால், கேட்காத தெருவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறாள். சிலர் அதோடு பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தட்டும்.

கிளம்ப எழுந்தவளைப் பாண்டியம்மாள் கையைப் பிடித்து உட்காரவைத்தார். ஏதோ கேட்க வந்து, தயங்கி, மடியில் விழுந்த புளியங்கொட்டைகளைத் தட்டிவிட்டார்.

"அவ கையால சாப்புட்டேன்னு சொன்னியே. எப்பிடி, நல்லா ஆக்குவாளா?"

பாண்டிமீனாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உள்ளே சுவரில் இருந்த படத்தைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

"நல்லாத்தான் ஆக்குனாங்கத்தா."

"ம்." பாண்டியம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அவனுக்குக் கோழின்னா உசுரு. அப்ப வயிறாரத் தின்னுட்டுத்தான் போயிருக்கான்."